“ஒழுங்காகத்தான் போடுகிறேன்”: 30 யூனிட் இன்சுலினுக்கும் இறங்காத சர்க்கரை, ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண்மணி ஒரே ஒருவர் அல்லர். நீரிழிவுக் கல்வி வகுப்புகளில் திரும்பத் திரும்பத் தென்படும் பிழைகளை ஒரு நோயாளியின் வரலாறாகக் கோத்துப் பயிற்சிக்கென எழுதியது இது. அவருடைய ரத்தப் பரிசோதனை எண்களும் அதற்காக அமைத்தவையே. மருந்துகள், அளவுகள், வெளியான ஆய்வுகள் பற்றிச் சொல்லியிருப்பவற்றில் கற்பனை இல்லை.

வந்தபோது இருந்த நிலை

வயது 57. இரண்டாம் வகை நீரிழிவு வந்து 11 ஆண்டுகள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பெரிய எழுத்தாக இருந்தால் மெதுவாக வாசிப்பார். மகளுடன் வசிக்கிறார், ஆனால் மகள் இரவுப் பணிக்குப் போகிறவர். எழுதிக் கொடுத்திருந்த மருந்துகள்: மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் காலையும் இரவும், கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் காலையில், படுக்கப்போகும் முன் என்பிஎச் என்ற நடுத்தர நேரம் வேலை செய்யும் இன்சுலின் பேனாவில்.

இன்சுலின் 10 யூனிட்டில் தொடங்கி எட்டு மாதங்களில் 16, 24, 30 என்று ஏறியிருந்தது. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அதே காலத்தில் 8.8-லிருந்து 10.1 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. வெறும் வயிற்று அளவு ஒரு நாள் 62, மறுநாள் 290. மருத்துவக் குறிப்பில் இருந்த வரி: “மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை. அறிவுரை கூறப்பட்டது.”

இந்த வரியை எழுதுவது எளிது. எழுதியபின் யாரும் மேற்கொண்டு தேடுவதில்லை என்பதுதான் அதன் கேடு. மருந்தைக் கூட்டக் கூட்டச் சர்க்கரையும் கூடுகிறது, அதோடு ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் 200-க்கு மேல் வித்தியாசம் வருகிறது என்றால், மனஉறுதிக் குறைவை விட அந்த மருந்து உடம்புக்குள் போய்ச் சேரும் வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பேனா சொன்ன கணக்கு

“தினமும் போடுகிறீர்களா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். “இல்லை” என்று சொன்னால் திட்டு விழும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கப்பட்டது: “ஒரு பேனா உங்களுக்கு எத்தனை நாள் வருதும்மா?” பதில்: “பதினேழு நாள் வரும்.”

3 மில்லிலிட்டர் பேனாவில் 300 யூனிட் இருக்கும். இரவுக்கு 30 யூனிட் என்றால் பத்தே இரவு. ஊசியைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே விட்டால் ஒன்பது இரவுதான் வரும். பதினேழு நாள் வருகிறதென்றால் ஏழு இரவு ஊசியே போடவில்லை, அல்லது போட்ட அளவு குறைவு. குற்றம் சாட்டாமல் கிடைத்த இந்த ஒரு எண் போதும். அடுத்த கேள்வியை அதன் மேல் வைக்கலாம்: “பலருக்கும் சில இரவு ஊசி விட்டுப்போறதுதான். உங்களுக்கு எந்த மாதிரி நாள்ல விட்டுப்போகுது?” இப்படிக் கேட்டபிறகுதான் இரவு இரண்டரை மணிக் கதை வெளியே வந்தது.

இரவு இரண்டரை மணி

சில இரவுகளில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி விழிப்பு வந்திருக்கிறது. சர்க்கரை ஏறிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். சர்க்கரை ஏறினால் ஆபத்து என்று 11 ஆண்டுகளாகக் கேட்டவருக்கு, இறங்கினாலும் ஆபத்து என்று யாரும் மனத்தில் பதியும்படி சொல்லவில்லை. ஆகவே ஒன்றும் சாப்பிடாமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். உடம்பு தன் போக்கில் கல்லீரலிலிருந்து சர்க்கரையை இறக்கி அவரைக் காப்பாற்றியிருக்கிறது. அதன்பின் இரண்டு மூன்று இரவுகள் “அந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை” என்று விட்டுவிடுவார். 290 வந்தது அந்த நாட்களில்தான்.

என்பிஎச் இன்சுலின் போட்ட நாலைந்து மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். பத்து மணிக்குப் போட்டால் இரண்டு, மூன்று மணி என்பது அது முழு வேகத்தில் வேலை செய்யும் நேரம். அறிகுறி வந்த நேரத்தைக் கேட்டாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

காலையிலும் இதே சிக்கல் சிறிய அளவில் இருந்தது. கிளிமிபிரைடு சீட்டில் “காலையில்” என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் எழுந்தவுடன் ஆறு மணிக்கு விழுங்கிவிட்டு ஒன்பதரைக்குச் சாப்பிடுவார். அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது; சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். எட்டு மணிவாக்கில் வரும் “கிறுகிறுப்பு” அதுதான்.

கையைப் பார்த்தபோது

எப்படி ஊசி போடுகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சரியாகவே சொல்வார்கள். செய்துகாட்டச் சொன்னால் வேறு படம் தெரியும். 2006-ல் டெர்ரி டேவிஸும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், “ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை, நாளைக்கு இருவேளை” என்ற குறிப்பை வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 70.7 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எடுத்துக்காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டியவர்கள் 34.7 சதவீதமே. வாய் சொல்வதற்கும் கை செய்வதற்கும் நடுவே பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள்.

இந்தப் பெண்மணி தம் சொந்தப் பேனாவையே கொண்டு வந்திருந்தார். முந்தைய இரவின் ஊசி முனை இன்னும் மாட்டியபடியே இருந்தது. பேனாவை நிமிர்த்திப் பிடித்தால் கண்ணாடிக் குழாயின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளை வண்டல், மேலே கிட்டத்தட்டத் தெளிந்த நீர். உருட்டவில்லை, கவிழ்க்கவில்லை. 30 என்று சரியாகத் திருப்பினார், எண்ணில் பிழையில்லை. தொப்புளுக்கு இடப்பக்கம் இரண்டு விரல் தள்ளிக் குத்தினார், பொத்தானை அழுத்தினார், உடனே உருவினார். ஊசி முனையில் ஒரு துளி தொங்கியது, தோலிலும் ஒரு துளி. “இது எப்பவும் வரும்,” என்றார்.

அவர் குத்திய இடத்தை விரலால் தடவிப் பார்த்தால் ரப்பர் போன்ற ஒரு மேடு. நாணயத்தை விடப் பெரியது. ஏன் எப்போதும் அங்கேயே என்று கேட்டதற்கு, “அங்க குத்தினா வலிக்கிறதில்ல” என்றார். அது உண்மைதான். ஒரே இடத்தில் தொடர்ந்து இன்சுலின் இறங்கினால் தோலடிக் கொழுப்பு தடித்துக் கட்டியாகிறது, அங்கே வலி உணர்வு குறைகிறது. வலிக்காத இடத்தைத் தேடிப் போவது இயல்பு. ஆனால் அந்தக் கட்டிக்குள் போன இன்சுலின் எப்போது, எவ்வளவு ரத்தத்தில் கலக்கும் என்று சொல்ல முடியாது.

ஐந்து பிழைகள், ஒவ்வொன்றும் அளவைத் தனித்தனியே கெடுப்பவை. என்பிஎச் இன்சுலின் ஒரு தொங்கல் திரவம், அதாவது மருந்து துகளாக நீரில் மிதந்து, அசைக்காவிட்டால் அடியில் படிவது. கலக்காவிட்டால் ஒரு நாள் வெறும் நீர், மறுநாள் கெட்டியான மருந்து. 1999-ல் லான்செட் இதழில் வந்த ஜெர்மானிய ஆய்வொன்றில், நோயாளிகள் பயன்படுத்திக்கொண்டிருந்த பேனாக்களில் இருந்த என்பிஎச் அளவு, இருக்க வேண்டியதில் 5 சதவீதம் முதல் 214 சதவீதம் வரை மாறியிருந்தது. மாட்டியே வைத்த ஊசி வழியே காற்று உள்ளே போகும், மருந்து கசியும். 2 யூனிட்டை வெளியே விட்டுப் பார்க்காததால் ஊசி அடைத்திருந்தாலும் தெரியாது. உடனே உருவினால் முனையில் தொங்கும் துளி உள்ளே போக வேண்டிய மருந்து. கட்டியில் குத்துவது ஐந்தாவது.

பேனா தீரும் தறுவாயில் இன்னொரு பிழையும் இருந்தது. 12 யூனிட்தான் மிச்சம் என்றால் 12-ஐப் போட்டுவிட்டு அன்றைக்கு முடிந்தது என்று வைத்துவிடுவார். மீதி 18-ஐப் புதுப் பேனாவில் எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

இவரிடம் இல்லாத ஆனால் கட்டாயம் தேட வேண்டிய பிழை ஒன்று உண்டு: ஊசியின் உள்மூடியைக் கழற்றாமல் அழுத்துவது. மருந்து மூடிக்குள் கொட்டும், உடம்புக்குள் ஒரு யூனிட்கூடப் போகாது. மருத்துவமனையில் மூடி தானாக உள்வாங்கும் காப்பு ஊசியில் பழகிவிட்டு, வீட்டில் சாதாரண ஊசியைக் கையில் எடுப்பவர்களுக்கு இது நேர்கிறது. இதனால் ஒரு மரணமே நேர்ந்தபின், 2017-ல் அமெரிக்காவில் எச்சரிக்கை அறிவிப்பு வெளியானது. புட்டியும் சிரிஞ்சும் பயன்படுத்துவோரிடம் தேட வேண்டியது வேறு: புட்டி மில்லிலிட்டருக்கு 100 யூனிட், சிரிஞ்சு 40 யூனிட் புட்டிக்கானது என்றால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. 10 என்று நினைத்து 25 போடுகிறார் என்று பொருள்.

மாத்திரைப் பெட்டி

மெட்ஃபார்மினிலும் குறை இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் மருந்துக் கடையில் வேறு நிறுவனத்தின் பெட்டி தந்திருக்கிறார்கள். பழையது 1000 மில்லிகிராம், புதியது 500. இரண்டும் வெள்ளை, இரண்டும் நீளவாக்கு. அவர் வழக்கம்போல வேளைக்கு ஒன்று. எழுதிக் கொடுத்தது நாளைக்கு 2000, உள்ளே போனது 1000. மாத்திரையை நிறத்தாலும் உருவத்தாலும் அடையாளம் காண்பவருக்குப் பெட்டி மாறுவது என்பது மருந்தே மாறுவதற்குச் சமம். மருந்தைக் கையில் கொடுப்பவர் அதை வாய்திறந்து சொல்ல வேண்டும்.

எண்களைப் படித்த விதம்

பரிசோதனைச் சீட்டில் 10.1 என்று பார்த்ததும் அவர் மகிழ்ந்திருக்கிறார். வீட்டுக் கருவியில் 240, ஆய்வகத்தில் 10. குறைந்துவிட்டதாகத்தானே தோன்றும்? எச்பிஏ1சி என்பது கடந்த எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற அளவு. அதை வீட்டுக் கருவியின் மொழிக்கு மாற்ற ஒரு வாய்பாடு உண்டு: 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழிக்க வேண்டும். 10.1 என்பது சராசரியாக 243. 7 என்பது 154. நோயாளியிடம் வாய்பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. “உங்க 10-ம் உங்க 243-ம் ஒண்ணுதான்மா, ரெண்டு கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டுற மாதிரி” என்றால் பிடித்துக்கொள்கிறார்கள்.

“நெகட்டிவ்” என்ற சொல்லும் அப்படித்தான். சிறுநீரில் கீட்டோன் என்ற கழிவு இல்லை என்பதைச் சொல்லும் “நெகட்டிவ்” முடிவை ஏதோ கெட்ட செய்தி என்று ஒரு வாரம் கவலைப்பட்டிருக்கிறார்.

கருவியில் ஒரு 312 பதிவாகியிருந்தது. பழம் நறுக்கிய கையோடு குத்திப் பார்த்த அளவு அது. விரலில் ஒட்டிய பழச்சாறு போதும், அளவை எங்கேயோ கொண்டுபோய்விடும். சோப்பால் கழுவித் துடைத்து மறுபடி பார்த்தபோது 168.

கற்பித்த வரிசை

நான்கு அமர்வுகள், வாரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் அரை மணி. ஓர் அமர்வில் மூன்று செய்திகளுக்கு மேல் இல்லை. மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது என்று ராய் கெசல்ஸ் 2003-ல் எழுதினார். கூடுதலாகச் சொல்லச் சொல்ல மறப்பதன் பங்கும் கூடுகிறது. பத்துச் செய்தி சொன்ன திருப்தி கற்பிப்பவருக்கு, மூன்று செய்தி நின்ற பலன் நோயாளிக்கு.

முதல் அமர்வு ஊசியைப் பற்றியதல்ல, தாழ்சர்க்கரை பற்றியது. இந்த வரிசையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டரை மணிப் பயம் இருக்கும்வரை, எவ்வளவு அழகாக ஊசி போடக் கற்றாலும் அவர் போடமாட்டார். அது மட்டுமல்ல, ஊசிப் பிழைகளைத் திருத்தினால் அதே 30 யூனிட் முழுதாக வேலை செய்யத் தொடங்கும். பாதுகாப்பைக் கற்பிக்காமல் திறமையைக் கற்பிப்பது ஆபத்து.

கற்ற மூன்று: வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் உடனே அளந்து பார், அளக்க முடியாவிட்டால் குறைவு என்றே எடுத்துக்கொள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை: 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை நான்கு, அல்லது தலைதட்டிய நான்கு தேக்கரண்டி சர்க்கரை தண்ணீரில், அல்லது 150 மில்லிலிட்டர் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு, இன்னும் 70-க்குக் கீழே என்றால் மறுபடி 15 கிராம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் டப்பா சமையலறையில் இருந்து பயனில்லை. கட்டிலில் படுத்தபடியே கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மகளுக்குத் தனியாகச் சொன்னது ஒன்று: நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அவசர உதவியை அழைக்க வேண்டும். மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரை எடுப்பவராக இருந்தால் சாதாரணச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும்.

இரண்டாம் அமர்வு முழுவதும் பேனா. அறை வெப்பநிலைக்கு வந்த பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகக் கவிழ்த்து, பால்போல ஒரே வெண்மை வந்ததா என்று பார்ப்பது. குலுக்கக் கூடாது. புது ஊசி, இரண்டு மூடிகளும் கழற்றி. 2 யூனிட் மேல்நோக்கி விட்டுத் துளி தெரிகிறதா என்று பார்ப்பது, தெரியாவிட்டால் மறுபடி. பிறகு அளவு. குத்தி, பொத்தானை முழுதும் அழுத்தி, பொத்தானை விடாமல் பத்து வரை எண்ணி, பின் உருவுவது. ஊசியைக் கழற்றிக் கெட்டியான டப்பாவில் போடுவது. வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு கட்டம், அதற்குள் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி. கட்டியைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு அவரே தடவி உணரச் செய்தது எந்தப் படத்தை விடவும் உதவியது.

நல்ல தோலுக்கு மாறும்போது அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். மருத்துவரிடம் முன்பே பேசி 30 என்பது 24 ஆக்கப்பட்டது. முதல் வாரம் இரவு மூன்று மணிக்கு இரண்டு நாள் அளந்து பார்க்கச் சொன்னது. இந்தப் படியைத் தவறவிட்டால், கல்வி கொடுத்த வாரத்திலேயே நோயாளி மயங்கி விழக்கூடும்.

மூன்றாம் அமர்வில் மாத்திரையும் எண்களும். சீட்டில் “காலையில்” என்பது “காலைச் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்ததும்” என்று மாறியது. நான்காவதில் உணவுப் பொட்டலச் சீட்டு, காய்ச்சல் நாள், கால் பராமரிப்பு. பொட்டலத்தில் “ஒரு பரிமாறலுக்கு 15 கிராம் மாவுச்சத்து” என்றும் “பொட்டலத்தில் 4 பரிமாறல்” என்றும் இருந்தால் முழுதும் தின்றால் 60 கிராம். இந்தப் பெருக்கலைப் படித்தவர்களும் விட்டுவிடுகிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, தண்ணீர்கூடத் தங்காத நாளில் மெட்ஃபார்மினை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும், இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது, நான்கு மணி நேரத்துக்கொருமுறை அளக்க வேண்டும்.

“புரிந்ததா?” என்ற கேள்வி

ஒவ்வொரு செய்திக்கும் பின் அவரே சொல்லவோ செய்யவோ வேண்டும். டீன் ஷில்லிங்கரும் குழுவினரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு நோயாளிகளுக்கு மருத்துவர்கள் புதிதாகச் சொன்ன செய்திகளில் 12 சதவீதத்துக்கு மட்டுமே புரிந்ததா என்று திருப்பிக் கேட்டிருந்தார்கள். கேட்கப்பட்ட நோயாளிகளின் சர்க்கரைக் கட்டுப்பாடு மேலாக இருந்தது.

கேட்கும் விதம் முக்கியம். “சொல்லுங்க பார்ப்போம்” என்பது தேர்வு. “நான் தெளிவா சொன்னேனான்னு தெரியணும். ராத்திரி வேலைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க மக ‘இன்னைக்கு என்ன சொன்னாங்க’ன்னு கேட்டா என்னம்மா சொல்வீங்க?” என்றால் பாரம் சொன்னவர் தலையில் நிற்கிறது. தவறாகச் சொன்னால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்லிப் பயனில்லை, வேறு விதமாகச் சொல்ல வேண்டும். இவர் முதல் அமர்வில் “குறைஞ்சா பதினஞ்சு நிமிஷம் கழிச்சு சர்க்கரை சாப்பிடணும்” என்று திருப்பிச் சொன்னார். இரண்டு 15-கள் குழம்பிவிட்டன. “15 கிராம், 15 நிமிடம்” என்று எண்ணால் நினைவு வைப்பது கற்பிப்பவருக்கு வசதி, அவருக்கு இடறல். “முதல்ல சாப்பிடு, அப்புறம் கடிகாரத்தைப் பார்” என்று மாற்றியதும் சரியாகச் சொன்னார். திருப்பிக் கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பிழையோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

முன்பு அவருக்குக் கொடுத்திருந்த கையேடு பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கணையத்தின் படம், தாழ்சர்க்கரை ஒன்பதாம் பக்கத்தில். புதிதாகக் கொடுத்தது ஒரே தாள்: 14 புள்ளி எழுத்து, வரிக்கு ஒரு செயல், எண்கள் எல்லாம் இலக்கத்தில், அவருடைய பேனாவின் படம், அவருடைய மாத்திரைகள் பசைத்தாளில் ஒட்டியபடி. வாசிக்கத் தெரியுமா என்று சோதித்துப் பார்த்து இப்படிச் செய்வதில்லை. வாசிக்க முடியாததை மறைக்கப் பழகியவர்கள் “கண்ணாடி கொண்டு வரவில்லை” என்பார்கள். எல்லோருக்கும் எளிய தாள் கொடுத்துவிட்டால் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

தொடர் கண்காணிப்பு

மூன்றாம் மாதம் எச்பிஏ1சி 8.1, ஆறாம் மாதம் 7.6. இன்சுலின் 20 யூனிட். இரவில் வியர்த்து விழித்தது ஆறு மாதத்தில் ஒரே முறை. அளவு 64, குளுக்கோஸ் மாத்திரை நான்கு, 15 நிமிடத்தில் 98, மறுநாள் இரவு வழக்கம்போல ஊசி. மருந்து எதுவும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை.

மூன்றாம் மாதச் சந்திப்பில் பேனாவை மறுபடி கையில் கொடுத்துப் பார்த்தபோது பத்து என்பது நான்காகச் சுருங்கியிருந்தது. வேகமாக எண்ணுகிறார். கட்டியும் முழுதும் கரையவில்லை, ஓரம் மட்டும் மெத்தென்று ஆகியிருக்கிறது. எண்ணும்போது ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மூச்சு விடச் சொல்லி இரண்டு முறை செய்துகாட்ட வைக்கப்பட்டது. அடுத்த சந்திப்புக்கான குறிப்பு: பேனா எத்தனை நாள் வருகிறது என்று கேட்க வேண்டும் (இப்போது சரியான விடை 13), வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டும், கண் பரிசோதனை இன்னும் செய்யவில்லை, மகள் பணி நேரம் மாறினால் இரவுத் திட்டத்தை மாற்ற வேண்டும்.